அண்ணன் தம்பி கட்டிய அரசு
அயர்லாந்து மாமன்னன் பிரையன் போருவின் கதை

1014-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 23-ந் தேதி. அன்று புனித வெள்ளி. ஏசுநாதர் சிலுவையில் உயிர் நீத்த நாள்.

அயர்லாந்து நாட்டில் டப்ளின் நகரத்துக்கு அருகே, கடலோரத்தில் ஒரு பெரும் போர் நடந்துகொண்டிருந்தது. போர்க்களத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு கூடாரம். அதற்குள்ளே ஒரு கிழவன் மண்டியிட்டு ஜெபம் செய்துகொண்டிருந்தான். வயது 70-க்கு மேல் இருக்கும்.

அந்தக் கிழவன் சாதாரண ஆள் அல்ல. அயர்லாந்தின் மாமன்னன்! அவன் பெயர் பிரையன் போரு.

அன்று பொழுது சாய்வதற்குள் அவன் இறந்தான். அவனுடைய மகன் இறந்தான். பேரனும் இறந்தான். ஆனால், போரில் வென்றது அவனுடைய படைதான்!

ஒரு சின்னஞ்சிறு கூட்டத்தில் பிறந்த பிரையன், மாமன்னன் ஆனது எப்படி? அவனுடைய வம்சம் ஓங்கியது எப்படி? பிறகு தாழ்ந்தது எப்படி?

நூறு ராஜாக்கள்

இங்கிலாந்துக்கு மேற்கே, கடலுக்கு நடுவில் இருக்கும் தீவு அயர்லாந்து. பச்சைப் பசேல் என்ற புல்வெளி நிறைந்த நாடு. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே நகரங்கள் மிகவும் குறைவு. மாடுதான் செல்வம். எவனிடம் மாடு அதிகமோ அவனே பணக்காரன். கப்பம் கட்டுவதும் மாடாகத்தான்.

அப்போது அந்தத் தீவில் நூற்றுக்கும் மேற்பட்ட குட்டி ராஜாக்கள் இருந்தார்கள். அவர்களுக்கு மேலே மாகாண மன்னர்கள். அவர்களுக்கும் மேலே ஒருவன் இருந்தான். அவனைத் தாரா மன்னன் என்பார்கள். தாரா என்பது ஒரு குன்று. பழங்காலம் முதல் அது அரசர்களின் புனித இடம்.

அந்தப் பட்டம் பல நூறு ஆண்டுகளாக நீல் வம்சத்தார் கையிலேயே இருந்தது. வடக்கே ஒரு கிளை, தெற்கே ஒரு கிளை. இரண்டு கிளைகளும் பெரும்பாலும் மாறி மாறி ஆண்டுவந்தன. மற்றவர்கள் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவும் முடியாது.

தெற்கே மன்ஸ்டர் மாகாணம். அதன் தலைநகர் காஷெல். ஒரு பெரிய பாறையின் மேல் அமைந்த கோட்டை. அந்த மாகாணத்தை ஓகன் வம்சத்தார் ஆண்டார்கள்.

பிரையன் இந்த இரண்டு வம்சங்களையும் சேர்ந்தவன் அல்ல. அவனுடைய கூட்டத்துக்கு டால்காஷ் என்று பெயர். அயர்லாந்தின் பெரிய நதியான ஷானன் ஆற்றின் கரையில் வாழ்ந்த சிறு கூட்டம் அது.

தாயை இழந்த சிறுவன்

பிரையன் சுமார் 941-ம் ஆண்டில் பிறந்தான். ஊர், ஷானன் கரையில் உள்ள கில்லலூ. தந்தை கென்னடி, அந்தக் கூட்டத்தின் தலைவன். அவனுக்குப் பல பிள்ளைகள். இளைய பிள்ளைகளில் ஒருவன் பிரையன்.

போரு என்ற பட்டப்பெயருக்கு இரண்டு விளக்கம் சொல்வார்கள். கில்லலூவுக்குப் பக்கத்தில் பேல் போரு என்று ஒரு பழைய மண்கோட்டை உண்டு; அந்த இடத்தின் பெயரே அவனுக்கு வந்தது என்பார்கள் சிலர். மாட்டுக் கப்பம் வாங்குகிறவன் என்று பொருள் சொல்வார்கள் வேறு சிலர்.

அந்த நாட்களில் அயர்லாந்துக்கு ஒரு பெரிய தொல்லை இருந்தது. வடக்கே நார்வே போன்ற நாடுகளிலிருந்து கப்பலேறி வந்த வைக்கிங்குகள்தான் அந்தத் தொல்லை. 795-ம் ஆண்டு முதல் அவர்கள் வந்து கொள்ளையடித்தார்கள். பொன்னும் வெள்ளியும் மடாலயங்களில் இருந்தன. ஆகவே மடாலயங்களைத்தான் முதலில் தாக்கினார்கள். ஆட்களைப் பிடித்து அடிமைகளாக விற்றார்கள்.

பிறகு அங்கேயே குடியேறினார்கள். டப்ளின், வாட்டர்போர்டு, லிமரிக் ஆகிய துறைமுக நகரங்களை உண்டாக்கியவர்கள் அவர்களே. லிமரிக் நகரம் ஷானன் ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி இருக்கிறது. டால்காஷ் கூட்டத்தின் வாசற்படியில் எதிரி வந்து உட்கார்ந்துகொண்டது போல ஆயிற்று.

பிரையனுடைய தாய், வைக்கிங்குகளின் கொள்ளைத் தாக்குதலில் கொல்லப்பட்டாள் என்று சொல்வார்கள். 951-ம் ஆண்டில் தந்தையும் இறந்தான். பிரையனுக்கு அப்போது வயது 10.

தாயும் இல்லை, தந்தையும் இல்லை. அண்ணன்தான் துணை. அந்த அண்ணன் பெயர் மகோன்.

காட்டுக்குள் 15 பேர்

மகோன் குடும்பத் தலைவன் ஆனான். லிமரிக்கில் இருந்த வைக்கிங்குகளோடு சமாதானம் செய்துகொண்டான். கூட்டம் சிறியது, எதிரி பெரியவன், வேறு வழி இல்லை என்று அவன் நினைத்தான்.

தம்பிக்கு இது பிடிக்கவில்லை. பிரையன் சில வாலிபர்களைக் கூட்டிக்கொண்டு காட்டுக்குள் போனான். பதுங்கியிருந்து எதிரிகளைத் தாக்கினான். மழையிலும் பனியிலும் கிடந்தான். கூட வந்தவர்கள் ஒவ்வொருவராக இறந்தார்கள். கடைசியில் மிஞ்சியவர்கள் 15 பேர்தானாம்!

அண்ணன் ஆள் அனுப்பித் தம்பியை அழைத்தான். இருவரும் சந்தித்தார்கள். அண்ணன், தம்பியின் நிலையைக் கண்டு அழுதான். தம்பி, அண்ணனின் பொறுமையைக் குறை கூறினான். முடிவில் அண்ணன் தம்பியின் பக்கம் வந்தான். இருவரும் சேர்ந்து போரிடுவது என்று தீர்மானமாயிற்று.

இந்தக் கதையை எழுதி வைத்தது, சுமார் நூறு ஆண்டுகளுக்குப் பின் பிரையனின் சந்ததியார் எழுதுவித்த ஒரு நூல். தங்கள் பாட்டனின் பெருமையைச் சற்றுக் கூட்டியே சொல்லியிருக்கலாம். ஆனால், அண்ணனும் தம்பியும் சேர்ந்து நின்றார்கள் என்பதில் சந்தேகம் இல்லை. அதற்குச் சரித்திரமே சாட்சி.

964-ம் ஆண்டில் மகோன் காஷெல் பாறையைப் பிடித்தான். ஓகன் வம்சத்தாரின் கோட்டையில் டால்காஷ் கொடி பறந்தது. 967-ம் ஆண்டில் சல்கோய்ட் என்ற இடத்தில் லிமரிக் வைக்கிங்குகளை எதிர்த்துப் பெரும் போர் நடந்தது. அண்ணனும் தம்பியும் வென்றார்கள். ஓடியவர்களைத் துரத்திக்கொண்டே போய் லிமரிக் நகரத்தைச் சூறையாடி எரித்தார்கள். வைக்கிங்குகள் மடாலயங்களுக்குச் செய்ததை இவர்கள் அந்த நகரத்துக்குச் செய்தார்கள்.

நட்பு என்று அழைத்துக் கொன்றார்கள்

காஷெலைப் பறிகொடுத்தவர்கள் சும்மா இருப்பார்களா? 976-ம் ஆண்டில் ஒரு சதி நடந்தது. டானவன் என்ற சிற்றரசன், மகோனை வஞ்சகமாகப் பிடித்தான். ஓகன் வம்சத்துத் தலைவனான மோல்முவாவிடம் ஒப்படைத்தான். அவன் மகோனைக் கொன்றான். லிமரிக்கின் வைக்கிங் அரசன் ஐவரும் இதற்கு உடந்தை.

அண்ணன் செத்த செய்தி பிரையனுக்கு வந்தது. பெற்றவனுக்குச் சமமாக நின்று வளர்த்த அண்ணன்! பிரையன் பழிக்குப் பழி வாங்கப் புறப்பட்டான்.

முதலில் ஐவர். அவன் தன் இரு மகன்களுடன் ஷானன் முகத்துவாரத்தில் உள்ள ஸ்காட்டரி தீவில் ஒளிந்திருந்தான். அது ஒரு புனிதத் தீவு. மடாலயம் இருந்த இடம். அங்கே தஞ்சம் புகுந்தவரைத் தொடக்கூடாது என்பது வழக்கம். பிரையன் அதைப் பார்க்கவில்லை. 977-ம் ஆண்டில் அங்கேயே மூவரையும் வெட்டினான். பின்னாளில் பக்திமான் என்று பெயரெடுத்தவன் செய்த காரியம் இது.

அடுத்து டானவன். அவனும் மாண்டான். கடைசியில் மோல்முவா. 978-ம் ஆண்டில் பெலாக் லெக்டா என்ற இடத்தில் நடந்த போரில் அவன் கொல்லப்பட்டான்.

பழி தீர்ந்தது. மன்ஸ்டர் மாகாணம் பிரையன் கைக்கு வந்தது.

ஆறே அவன் பாதை

பிரையன் வாள் வீரன் மட்டும் அல்ல, மூளை உள்ளவன். எதிரியிடமிருந்தே கற்றுக்கொண்டான். வைக்கிங்குகளுக்குப் பலம் எது? படகு! லிமரிக் இப்போது அவனுக்கு அடங்கிய நகரம். அங்கிருந்த படகுகளும் படகோட்டிகளும் அவனுக்கு உதவினார்கள்.

ஷானன் நதி அயர்லாந்தின் நடுவயிற்றைப் பிளந்துகொண்டு ஓடுகிறது. பிரையன் அதில் படகுப் படையை ஏற்றி அனுப்பினான். மேற்கே கானாட் மாகாணத்தையும் கிழக்கே மீத் நாட்டையும் தாக்கினான். காட்டிலும் சேற்றிலும் நடந்துபோக வேண்டிய தூரத்தை அவன் படை நீரிலே கடந்தது.

மீத் நாட்டில் இருந்தவன்தான் அப்போதைய தாரா மன்னன். பெயர் மாலக்கி. தெற்கு நீல் வம்சத்தான். அவனும் பெரிய வீரனே. 980-ம் ஆண்டில் தாராவில் டப்ளின் வைக்கிங்குகளை முறியடித்தவன்.

பிரையனுக்கும் மாலக்கிக்கும் 15 ஆண்டுகளுக்கு மேல் இழுபறி நடந்தது. 997-ம் ஆண்டில் இருவரும் குளோன்பர்ட் என்ற இடத்தில் கூடிப் பேசினார்கள். நாட்டைப் பாதியாகப் பங்கிட்டார்கள். வடக்கு மாலக்கிக்கு, தெற்கு பிரையனுக்கு.

சம்பந்தி ஆன எதிரி

தெற்குப் பகுதியில் டப்ளினும் லென்ஸ்டர் மாகாணமும் அடங்கும். அவர்கள் பிரையனுக்கு அடங்க மறுத்தார்கள். 999-ம் ஆண்டில் பிரையனும் மாலக்கியும் சேர்ந்து கிளென்மாமா என்ற கணவாயில் அவர்களைத் தோற்கடித்தார்கள். பிரையன் டப்ளினுக்குள் புகுந்தான்.

டப்ளின் அரசன் சித்ரிக் என்ற வைக்கிங். பட்டுத்தாடிச் சித்ரிக் என்பது அவன் பட்டப்பெயர். அயர்லாந்தில் முதன்முதலாக நாணயம் அடித்தவன் அவன்தான். அவன் தோற்று ஓடினான். எங்கும் இடம் கிடைக்காமல் திரும்பி வந்து பணிந்தான்.

பிரையன் அவனைக் கொல்லவில்லை. டப்ளினை அவனிடமே திருப்பிக் கொடுத்தான். கப்பம் மட்டும் வாங்கிக்கொண்டான். அதோடு உறவும் செய்துகொண்டான். இன்னொரு மனைவிக்குப் பிறந்த தன் மகள் ஸ்லானியைச் சித்ரிக்குக்குக் கொடுத்தான். சித்ரிக்கின் தாய் கோர்ம்லாவைத் தானே மணந்தான். மாமனாரும் மருமகனும், தகப்பனும் பிள்ளையுமாக ஆனார்கள்!

கோர்ம்லா பேரழகி என்றும், கோபக்காரி என்றும் சொல்வார்கள். லென்ஸ்டர் மன்னன் மெல்மோராவின் தங்கை அவள். பிரையனுக்கு அவள் டானகா என்ற மகனைப் பெற்றாள். பிறகு பிரையன் அவளை ஒதுக்கிவைத்தான் என்பது கதை.

மாமன்னன்

1002-ம் ஆண்டில் பிரையன் பெரும்படையுடன் மாலக்கியை நோக்கிப் போனான். மாலக்கிக்கு வடக்கு நீல் வம்சத்தாரின் உதவி கிடைக்கவில்லை. ஆகவே போரிடாமலே பணிந்தான். நீல் வம்சத்தின் நெடுங்கால உரிமை அன்றோடு முறிந்தது. 60 வயதைத் தாண்டிய பிரையன் அயர்லாந்தின் மாமன்னன் ஆனான்.

1005-ம் ஆண்டில் அவன் வடக்கே ஆர்மா நகருக்குப் போனான். அயர்லாந்துக்குக் கிறிஸ்தவ மதத்தைப் பரப்பிய புனித பேட்ரிக்கின் தலைமைக் கோயில் அங்கே இருக்கிறது. பலிபீடத்தின் மேல் பிரையன் 20 அவுன்ஸ் தங்கம் காணிக்கை வைத்தான். ஆர்மாவே நாட்டின் தலைமைத் திருச்சபை என்று ஏற்றான். அவனுடைய எழுத்தர் அங்கிருந்த புனித நூல் ஒன்றில் அதைப் பதிவு செய்தார். அதில் பிரையனை ஐரிஷ் மக்களின் சக்கரவர்த்தி என்று லத்தீன் மொழியில் குறித்தார். அந்த நூல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் பத்திரமாக இருக்கிறது.

வடக்கே எல்லோரும் உடனே பணிந்துவிடவில்லை. பிரையன் படையோடு பல தடவை சுற்றி வந்தான். 1011-ம் ஆண்டில்தான் கடைசி ராஜாவும் தலை வணங்கினான்.

கில்லலூவில் கின்கோரா என்ற அவன் அரண்மனை இருந்தது. நாடெங்கிலுமிருந்து மாடும், மதுவும், துணியும் அங்கே வந்து குவிந்தன. ஒரு பெண் தங்க மோதிரம் அணிந்து தன்னந்தனியாக நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பயமில்லாமல் போகலாம் என்று அவன் ஆட்சியைப் பிற்காலத்தார் புகழ்ந்தார்கள்.

ஆனால் ஒன்று குறைவாக இருந்தது. நாடு முழுவதற்கும் அதிகாரிகள் இல்லை. வரி வசூலிக்க நிலையான ஏற்பாடு இல்லை. பிணையாட்களைப் பிடித்துவைத்து, அந்தப் பயத்தால்தான் ராஜாக்களை அடக்க முடிந்தது. பிரையனின் கை தளர்ந்தால் எல்லாம் தளரும். அவனுக்கோ வயது 70 ஆகிவிட்டது.

ஒரு வெள்ளிப் பொத்தான்

போர் மூண்டதற்கு அயர்லாந்து மக்கள் ஒரு கதை சொல்வார்கள்.

கோர்ம்லாவின் அண்ணன் மெல்மோரா, பிரையனுக்குக் கப்பமாகப் பைன் மரங்களைக் கொண்டுவந்தான். மரத்தைத் தோளில் தூக்கியபோது அவன் மேலங்கியின் வெள்ளிப் பொத்தான் அறுந்துவிட்டது. அந்த அங்கி பிரையன் கொடுத்த பட்டு அங்கி. கின்கோராவுக்கு வந்ததும் பொத்தானைத் தைத்துத் தரும்படி தங்கையிடம் கேட்டான். அவள் அங்கியை வாங்கி அடுப்பில் எறிந்தாள்! அப்பனும் பாட்டனும் யாருக்கும் பணிந்ததில்லை, நீ மட்டும் அடிமையானாயே என்று அண்ணனை ஏசினாள்.

மறுநாள் பிரையனின் மூத்த மகன் முர்கா சதுரங்கம் போன்ற ஓர் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் நின்ற மெல்மோரா எதிராளிக்கு ஒரு காய் சொல்லிக்கொடுத்தான். முர்கா தோற்றான். கிளென்மாமா போரில் நீ சொன்ன யோசனையும் இப்படித்தானே உங்களைக் கவிழ்த்தது என்று முர்கா குத்திக்காட்டினான். மெல்மோரா விடைபெறாமல் குதிரையேறிப் போய்விட்டான். ஊர் போய்ச் சேர்ந்ததும் கலகக்கொடி தூக்கினான்.

பொத்தான் கதை உண்மையோ, பொய்யோ, கலகம் உண்மை. லென்ஸ்டர் எழுந்தது. டப்ளினும் சேர்ந்துகொண்டது. 1013-ம் ஆண்டின் பிற்பகுதியில் பிரையன் டப்ளினை முற்றுகையிட்டான். கிறிஸ்துமஸ் வரை கிடந்தான். உணவு தீர்ந்து போகவே திரும்பினான்.

சித்ரிக் சும்மா இருக்கவில்லை. கடல் கடந்து உதவி தேடினான். ஆர்க்னி தீவுகளின் பிரபு சிகர்டு வந்தான். மான் தீவிலிருந்து புரோடிர் என்ற வீரன் கப்பல்களுடன் வந்தான். கோர்ம்லாவை மணம் செய்து தருவதாக இருவருக்குமே ஆசை காட்டினார்கள் என்று ஐஸ்லாந்துக் கதை ஒன்று சொல்கிறது!

கிளான்டார்ப் போர்

1014-ம் ஆண்டு வசந்த காலத்தில் பிரையன் மறுபடியும் டப்ளினுக்கு வந்தான். நகரத்துக்கு வடக்கே கிளான்டார்ப் என்ற கடலோரத்தில் படைகள் மோதின.

இதை ஐரிஷ்காரர்களுக்கும் அந்நியருக்கும் நடந்த போர் என்று வெகு காலம் சொல்லிவந்தார்கள். அது பாதி உண்மைதான். லென்ஸ்டர் ஐரிஷ்காரர்கள் வைக்கிங்குகளின் பக்கம் நின்றார்கள். எதிரியின் கோட்டைக்குள் இருந்தவன் பிரையனின் சொந்த மருமகன். கோட்டை மதிலிலிருந்து போரைப் பார்த்தவள் பிரையனின் மகள். வடக்கு ராஜாக்கள் பிரையனுக்குத் துணை வரவில்லை. மாலக்கி வந்தானா, வந்தும் ஒதுங்கி நின்றானா என்று இன்றைக்கும் விவாதம் நடக்கிறது.

காலையில் தொடங்கிய போர் மாலைவரை நடந்தது. முர்கா முன்னணியில் நின்று போரிட்டான். சிகர்டு விழுந்தான். மெல்மோரா விழுந்தான். வைக்கிங்குகள் கப்பலை நோக்கி ஓடினார்கள். ஆனால் கடல் பொங்கியிருந்தது! காலையில் கரைமேல் விட்ட கப்பல்கள் மாலையில் ஆழத்தில் நின்றன. ஏற முடியாமல் பலர் மூழ்கினார்கள்.

அன்று கடல் எப்போது ஏறியது என்று 1860-ம் ஆண்டையொட்டி டப்ளின் பேராசிரியர் ஒருவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். காலை 5.30 மணிக்கும் மாலை 5.55 மணிக்கும் என்று விடை வந்தது. பழைய நூல் சொன்னது சரியாக இருந்தது!

ஓடியவர்களைத் துரத்தியவர்களில் பிரையனின் பேரனும் ஒருவன். முர்காவின் மகன் டர்லோ. 15 வயதுப் பையன். அவனும் நீரில் மூழ்கி இறந்தான். முர்கா படுகாயப்பட்டு உயிர் விட்டான்.

கூடாரத்தில் பிரையன் ஜெபம் செய்துகொண்டிருந்தான். காவல் இருந்தவர்கள் ஓடுகிறவர்களைத் துரத்தப் போய்விட்டார்கள். தப்பி ஓடிவந்த புரோடிர் அந்தக் கூடாரத்தைக் கண்டான். உள்ளே புகுந்து கிழவனை வெட்டினான்.

பிரையனின் உடலை ஆர்மாவுக்குக் கொண்டுபோனார்கள். 12 இரவுகள் பாதிரிமார்கள் கண்விழித்து ஜெபித்தார்கள். பிறகு கோயிலின் வடபுறத்தில் அடக்கம் செய்தார்கள்.

வென்றவன் இறந்தான். தோற்ற சித்ரிக்கோ கோட்டைக்குள் பத்திரமாக இருந்தான். அதன் பிறகும் 20 ஆண்டுகளுக்கு மேல் டப்ளினை ஆண்டான்! மாலக்கி மறுபடியும் மாமன்னன் ஆனான். 1022-ம் ஆண்டில் சாகும்வரை அந்தப் பட்டம் அவனிடமே இருந்தது.

அண்ணனைக் கொன்ற தம்பி

பிரையனின் மகன்களில் இருவர் மிஞ்சினார்கள். ஒருவன் தைக். மற்றவன் கோர்ம்லாவின் மகன் டானகா. இருவருக்கும் தந்தை ஒருவன், தாய் வேறு.

அயர்லாந்தில் மூத்த மகனுக்கே பட்டம் என்ற சட்டம் கிடையாது. அரச குடும்பத்தில் பிறந்த எந்த ஆண்மகனும் பட்டம் கேட்கலாம். வல்லவன் எடுத்துக்கொள்வான். ஆகவே அண்ணனுக்குத் தம்பி எதிரி. சித்தப்பனுக்கு அண்ணன் மகன் எதிரி.

1023-ம் ஆண்டில் தைக் கொல்லப்பட்டான். கொல்லச் சொன்னவன் டானகா!

மகோனுக்காகப் பழி வாங்கப் புறப்பட்ட பிரையன் எங்கே? உடன்பிறந்தவனைக் கொல்லச் சொன்ன பிரையனின் மகன் எங்கே?

டானகா 40 ஆண்டுகள் மன்ஸ்டரை ஆண்டான். தந்தையின் மாமன்னர் பட்டம் மட்டும் அவனுக்குக் கிட்டவில்லை. தைக்கின் மகன் டர்லோ வளர்ந்தான். தந்தையைக் கொன்றவனை மறக்கவில்லை. லென்ஸ்டர் மன்னனின் உதவியோடு எதிர்த்தான். 1063-ம் ஆண்டில் டானகா தோற்றுப் பட்டம் இழந்தான். பாவம் தீர ரோமாபுரிக்கு யாத்திரை போனான். மறு ஆண்டு அங்கேயே இறந்தான்.

ஒட்டகம் கண்ட மன்னன்

டர்லோவின் காலத்தில் வம்சம் மறுபடியும் தலைநிமிர்ந்தது. அவன் 1086-ம் ஆண்டில் இறந்தான். அவனுக்குப் பின் அவன் மகன் மூர்டா வந்தான். அதற்கு முன் தன் தம்பி டெர்மட்டை நாட்டைவிட்டே துரத்தினான்.

மூர்டா பெயர்பெற்ற மன்னன். 1101-ம் ஆண்டில் காஷெல் பாறையைத் திருச்சபைக்குத் தானமாகக் கொடுத்தான். ஓகன் வம்சத்தாரிடமிருந்து பெரியப்பன் பாட்டன் மகோன் பிடித்த பாறை அது. தானம் கொடுத்துவிட்டால் ஓகன் வம்சத்தார் திருப்பிக் கேட்க முடியாது அல்லவா? புண்ணியமும் ஆயிற்று, தந்திரமும் ஆயிற்று.

நார்வே மன்னனின் மகனுக்குத் தன் மகளைக் கொடுத்தான். 1105-ம் ஆண்டில் ஸ்காட்லாந்து மன்னன் அவனுக்கு ஓர் ஒட்டகத்தைப் பரிசாக அனுப்பினான். மழை ஓயாத அயர்லாந்தில் ஒட்டகம்! அதன் பெரிய உருவத்தைப் பார்த்து வியந்து துறவிகள் தங்கள் ஆண்டுக் குறிப்பில் எழுதி வைத்தார்கள்.

வடக்கு ராஜா ஒருவன் 1088-ம் ஆண்டில் கின்கோராவை அழித்திருந்தான். மூர்டா 1101-ல் வடக்கே போய் அவனுடைய எய்லக் கோட்டையை இடித்தான். வீரர்கள் ஆளுக்கொரு கல்லைச் சுமந்துகொண்டு தெற்கே வந்தார்கள் என்பது கதை.

ஆனால் 1114-ம் ஆண்டில் மூர்டாவுக்குக் கடும் நோய் வந்தது. உடம்பு எலும்புக்கூடு போல ஆயிற்று. துரத்தப்பட்ட தம்பி டெர்மட் இதற்காகவே காத்திருந்தான். உடனே பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டான். அண்ணனும் தம்பியும் மோதினார்கள். வம்சத்தின் பலம் வீட்டுக்குள்ளேயே செலவாயிற்று.

தங்கை மகன் கொடுத்த அடி

அப்போது கானாட் மாகாணத்தில் ஓர் இளைஞன் ஆண்டுகொண்டிருந்தான். அவன் பெயர் டர்லோ ஓகானர். அவன் வேறு யாரும் அல்ல. மூர்டாவின் உடன்பிறந்தாள் மகன்! 1106-ம் ஆண்டில் மூர்டாவின் தயவினால்தான் அவன் அரியணை ஏறினான்.

மாமன் வீட்டில் சண்டை. மருமகன் சரியான சமயம் பார்த்தான். 1118-ம் ஆண்டில் படையெடுத்து வந்து மன்ஸ்டர் மாகாணத்தை இரண்டாக வெட்டினான். தெற்குப் பாதியை ஓகன் வம்சத்தைச் சேர்ந்த மக்கார்த்தி குடும்பத்துக்குக் கொடுத்தான். வடக்குப் பாதி மட்டும் பிரையனின் சந்ததியாருக்கு மிஞ்சியது. அதற்குத் தாமண்ட் என்று பெயர்.

1119-ம் ஆண்டில் மூர்டா இறந்தான். அதே ஆண்டில் ஓகானரின் வீரர்கள் கின்கோரா அரண்மனையை இடித்தார்கள். கல்லையும் மரத்தையும் ஷானன் ஆற்றில் தள்ளினார்கள். பிரையன் படகோட்டிய அதே ஆறு!

நீல் வம்சத்தின் உரிமையைப் பிரையன் வாளால் முறித்தான். பிறப்பு இல்லாவிட்டாலும் பலம் இருந்தால் மாமன்னன் ஆகலாம் என்று காட்டினான். அவன் திறந்த கதவு வழியாகவே ஓகானர்களும் நுழைந்தார்கள்.

அந்தப் போட்டி இங்கிலாந்துக்கு வழிவிட்டது. லென்ஸ்டரிலிருந்து துரத்தப்பட்ட ஒரு மன்னன் அந்நியரின் உதவியை நாடினான். 1169-ம் ஆண்டில் நார்மன் வீரர்கள் வந்து இறங்கினார்கள். 1171-ம் ஆண்டில் இங்கிலாந்து மன்னன் இரண்டாம் ஹென்றியே வந்தான். பிரையனின் சந்ததியான டானல் மோர் அவனுக்குப் பணிந்தான். பிறகு எதிர்த்தும் போரிட்டான்.

தாமண்ட் எளிதில் வீழவில்லை. 1318-ம் ஆண்டில் டைசர்ட் ஓடீ என்ற இடத்தில் நார்மன் பிரபு ஒருவனைக் கொன்று வென்றார்கள். அதனால் மேலும் 200 ஆண்டுகள் சுதந்திரமாக இருந்தார்கள்.

கடைசியில் 1543-ம் ஆண்டு வந்தது. குலத்தலைவனான முரோ இங்கிலாந்துக்குக் கப்பலேறினான். எட்டாம் ஹென்றி முன் மண்டியிட்டான். ராஜா என்ற பெயரை விட்டுக்கொடுத்தான். அதற்குப் பதிலாகத் தாமண்ட் பிரபு என்ற பட்டம் வாங்கிக்கொண்டான். பிரையனின் சந்ததியில் ராஜா என்ற சொல் அன்றோடு முடிந்தது.

பெயர் நிலைத்தது

பிரையனின் அரண்மனை இன்று இல்லை. பேல் போரு மண்கோட்டை மட்டும் ஷானன் கரையில் மரங்களுக்கு நடுவே மேடாகக் கிடக்கிறது. ஆர்மா கோயில் சுவரில், அவன் அடக்கமான இடத்தைக் குறிக்க ஒரு கல் பதித்திருக்கிறார்கள்.

டப்ளின் டிரினிட்டி கல்லூரியில் ஒரு பழைய யாழ் இருக்கிறது. பிரையன் போருவின் யாழ் என்று அதைச் சொல்வார்கள். உண்மையில் அது அவன் செத்துச் சில நூறு ஆண்டுகளுக்குப் பிறகு செய்தது. ஆனாலும் அயர்லாந்தின் சின்னம் அந்த யாழ்தான். அந்த நாட்டு நாணயங்களில் அதன் வடிவம் இருக்கிறது.

2014-ம் ஆண்டில் கிளான்டார்ப் போரின் ஆயிரமாவது ஆண்டு நினைவு வந்தது. கில்லலூவிலும் கிளான்டார்ப்பிலும் மக்கள் விழா எடுத்தார்கள்.

ஓபிரையன் என்ற பெயரை உலகமெங்கும் கேட்கலாம். பிரையனின் பேரன் என்பதே அதன் பொருள். அந்தப் பேரன்களுக்குள் சண்டை இல்லாமல் இருந்திருந்தால் அயர்லாந்தின் சரித்திரம் எப்படிப் போயிருக்கும்? யார் கண்டது!

ஒன்று மட்டும் நிச்சயம். தாயும் தகப்பனும் இல்லாத இரண்டு சகோதரர்கள் கைகோத்தார்கள். ஓர் அரசு எழுந்தது. அவர்களுடைய பிள்ளைகள் கையை உதறினார்கள்; அந்த அரசு ஆற்றோடு போயிற்று.